சிலுவைக் கொடியும் சங்கிலி மன்னனும்

புத்தளத்தை அடுத்த தில்லையடியில் இன்று வாழும் குடும்பங்கள் பலவற்றின் பூர்விகம் மன்னாரும் யாழ்ப்பாணமுமாகும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடபுலத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கு இவ்வூர் புகலிடமாயிற்று. அதற்கு 446 ஆண்டுகளுக்கு முன்னர், அதே மன்னார்த் தீவில் மற்றொரு சமயத்தாருக்கு நேர்ந்த கதி இதனினும் கொடியது. அக்கொடுமைக்குக் காரணனாகச் சரித்திரம் சுட்டுபவன் யாழ்ப்பாணத்து வேந்தன் முதலாம் சங்கிலி.

ஆரியச் சக்கரவர்த்திகள் மரபினன் இவன். இம்மரபின் மன்னன் ஒருவனையே 1344இல் அராபிய யாத்திரிகர் இபுனு பதூதா புத்தளத்திற் கண்டு, அவனுடைய முத்துச் செல்வத்தை வியந்து எழுதி வைத்தார். சங்கிலி நல்லூரில் அரியணை ஏறியது 1519 அளவிலாகும். அவன் முறை தவறி முடி கவர்ந்தவன் என்று போர்த்துக்கேய ஆசிரியர்கள் எழுதினர். பகைவர் எழுதிய வரலாறு என்பதை மனத்திற்கொண்டே அதனைப் படித்தல் வேண்டும். நம்மவரின் யாழ்ப்பாண வைபவமாலையோ, பிற்காலத்துச் சங்கிலி குமாரனையும் இவனையும் ஒருவராக்கிக் குழப்பிவிட்டது.

சங்கிலியை எதிர்த்து வந்த பகை நேற்று முளைத்ததன்று. 1095இல் பிரான்சு நாட்டுக் கிளெர்மொன் நகரில் பாப்பரசர் இரண்டாம் உர்பன் விடுத்த அறைகூவலே அதன் வித்து. எருசலேமை மீட்போம் என்று சிலுவைச் சின்னம் தரித்துப் புறப்பட்டோர் 1099இல் அந்நகரைக் குருதியில் நனைத்துக் கைப்பற்றினர். 1187இல் சலாகுத்தீன் அதனை மீட்டுக்கொண்டார். ஆயினும் சிலுவைப் போரின் கிளையொன்று ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் தழைத்தது. இரண்டாம் சிலுவைப் போருக்குக் கப்பலேறிய வட ஐரோப்பிய வீரர்கள், 1147இல் வழியிலே இறங்கி, முஸ்லிம்களிடமிருந்த லிஸ்பனைப் போர்த்துக்கல் மன்னன் கைப்பற்ற உதவினர். தெம்பிளார் என்னும் போர்த்துறவியர் சங்கம் 1312இற் கலைக்கப்பட்டபின், அதன் உடைமைகள் போர்த்துக்கல்லில் 1319இல் நிறுவப்பட்ட கிறிஸ்து சங்கத்தைச் சேர்ந்தன. கடற்செலவுகளை ஊக்குவித்த இளவரசர் என்றிக்கே அச்சங்கத்தின் தலைவராக விளங்கினார். 1498இல் வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டிற்குக் கொணர்ந்த கப்பற்பாய்களில் இருந்த செஞ்சிலுவை அச்சங்கத்தின் இலச்சினையே. மிளகும் மதமும் ஒரே பாயின்கீழ் வந்தன.

மன்னார் வளைகுடாவின் இருகரையிலும் முத்துக்குளிப்பே பொருள். முத்துக்குளித்துறைப் பரதவர், தம்மை நெருக்கியோரிடமிருந்து காப்பு வேண்டி, 1535ஐ அடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றுப் போர்த்துக்கேயரின் நிழலில் ஒதுங்கினர். 1538இல் வேதாளையில் மரக்காயர்களின் கப்பற்படையை மார்த்தீம் அபொன்சோ த சூசா முறியடித்தான். அவனே 1543இற் சங்கிலியை மிரட்டித் திறை செலுத்த உடன்படச் செய்தான். மதம் மாறும் குடி அரசும் மாறும் என்பதைச் சங்கிலி அக்கரையிற் கண்கூடாகக் கண்டிருந்தான்.

அந்நிலையில், 1544இல் மன்னாரின் கடற்றொழிலாளர் சவேரியாருக்கு ஆளனுப்பி ஞானஸ்நானம் வேண்டினர். தாம் செல்ல இயலாத சவேரியார் குரு ஒருவரை அனுப்பினார். மன்னாரின் வருவாயும் குடிகளும் கைநழுவுமென அஞ்சிய மன்னன் படையுடன் வந்தான். ஏறத்தாழ 600 பேர் வெட்டுண்டு மாண்டனர் என்பர். அரசியற் காரணம் காட்டிச் சங்கிலிக்காக வாதிடுவோர் உளர். காரணம் இருந்தது உண்மையே. ஆனால் மாண்டவர்கள் கையில் வாள் இருந்ததில்லை. தோட்டவெளியிலுள்ள ஆலயம் அவர்களை இன்றும் வேதசாட்சிகளாகப் போற்றுகிறது.

சவேரியார் வாளாவிருந்தாரல்லர். மன்னனைத் தண்டிக்கப் படை அனுப்புமாறு போர்த்துக்கேய அதிகாரிகளை வற்புறுத்தினார். 1545இல் நாகபட்டினத்தில் அப்படைக்காகக் காத்தும் இருந்தார். அவ்வேளையிற் பெகுவிலிருந்து சரக்குடன் வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டிற்று. அதிலிருந்த பொருள்களைச் சங்கிலி கைப்பற்றிக்கொண்டான். அவை மீளவேண்டுமாயின் போர் கூடாதன்றோ! புனிதப் போர் கைவிடப்பட்டது. சவேரியார் அவ்வாண்டே மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

கணக்குத் தீர்க்க 15 ஆண்டுகள் சென்றன. 1560இல் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா பெரும்படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி கோப்பாய்க்குப் பின்வாங்கி, அங்கிருந்தும் தப்பினான். மன்னனின் மைந்தன் பிணையாகச் சிக்க, உடன்படிக்கை ஏற்பட்டது. ஆனால் குடிகள் கிளர்ந்தெழுந்தனர். பறங்கிப் படை முற்றுகைக்குள்ளாகித் திணறிற்று. யாழ்ப்பாணம் வசப்படாதெனக் கண்ட பிறகன்சா, மன்னார்த் தீவைக் கவர்ந்து அங்கு கோட்டை அமைத்தான். அக்கரைப் பரதவர் பலர் அங்கு குடியேற்றப்பட்டனர்.

கொள்ளையுடன் புத்தர்பிரானின் தந்ததாது எனப்பட்ட ஒன்றும் கோவாவுக்குச் சென்றது. அதனைப் பெறப் பெகு மன்னன் பெரும்பொருள் தர முன்வந்தான். காலியான கருவூலம் பிறகன்சாவை ஈர்த்தது. பேராயர் கஸ்பாரோ விடவில்லை. 1561இல் அப்பல் உரலிலிட்டு இடிக்கப்பட்டு நெருப்புக்கு இரையாயிற்று. 1545இற் பொருளுக்காக வேதத்தைத் தள்ளி வைத்த அரசு, இம்முறை வேதத்துக்காகப் பொருளைத் தள்ளியது விந்தையே. எரிந்தது உண்மைத் தாது அன்றென்பது சிங்கள பௌத்தரின் நம்பிக்கை.

அவ்வாண்டோடு சங்கிலியின் ஆட்சியும் முடிவுற்றது. தலைநகரை மீட்டவன் மன்னாரை மீட்கவில்லை. 1619இல் யாழ்ப்பாணம் முற்றாக வீழ்ந்தபோது கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மரண தண்டனை பெற்றவன், அவன் பெயரைத் தாங்கிய சங்கிலி குமாரன்.