சானடோரியம் தந்த சௌரிமுத்து

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போனால், தாம்பரத்துக்கு அடுத்து 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷன் வரும். தினமும் கேட்கிற பேர்தான். அந்தப் பேருக்குக் காரணமானவர் யார் தெரியுமா?

அவர்தான் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. 1864-ல் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்து, இங்கிலாந்திலேயே மெண்டிப் மலைப் பகுதியில் காசநோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் நடத்தினார். அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. திறந்த சன்னல், சூரிய வெளிச்சம், நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். நம் கணித மேதை ராமானுஜனும் காசநோய் என்று கருதப்பட்டு 1917-ல் அவரிடம்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் அங்கே ரொம்ப நாள் தங்கவில்லை. 1920-ல், 32 வயதிலேயே மறைந்துவிட்டார்.

தாயகம் திரும்பிய டாக்டர் 1928-ல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1940-ல் அவர் காலமானார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1943-ல். நோயைக் குணமாக்கும் மருந்தை அவர் பார்க்கவே இல்லை!

அப்படியானால் அவர் நம்பிய காற்றும் வெளிச்சமும் வீண்தானா? நுரையீரலுக்குள் இருக்கும் கிருமியை வெயில் தொடாது, உண்மைதான். ஆனால் இருமும்போது காற்றில் மிதக்கும் கிருமி? அமெரிக்காவில் வெல்ஸ் என்ற பொறியாளரும் ரைலி என்ற டாக்டரும் 1950-களில் பால்டிமோர் மருத்துவமனையில் இதைச் சோதித்தார்கள். காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப்பன்றிகளுக்கு விட்டார்கள். பலவற்றுக்கு நோய் தொற்றியது. குழாயில் புறஊதா விளக்கு எரிந்த பக்கத்தில் ஒன்றுக்கும் தொற்றவில்லை! அதற்கு முன்பே, 1941-ல், பிலடெல்பியா பள்ளிகளில் இதே விளக்கு எரிந்த வகுப்புகளில் தட்டம்மை வைரஸ் குறைவாகவே பரவியது.

அந்த விளக்கு நம் டியூப்லைட்டுக்குத் தம்பிதான். உள்ளே பாதரச ஆவி உண்டு, வெள்ளைப் பூச்சு கிடையாது, கண்ணாடி மட்டும் தனி ரகம். 254 நானோமீட்டர் கதிர் கண்ணையும் தோலையும் பாதிக்கும் என்பதால் தலைக்கு மேலே, மேல்நோக்கி மாட்டுவார்கள். மின்விசிறி காற்றைக் கலக்கிவிடும். காசநோய் பரவாமல் தடுக்க 2019-ல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது.

என் தாத்தா மாமல்லபுரத்தில் கல் கொத்தியவர். அவருக்குக் காசம் வந்தப்போ, பனி படக்கூடாதுன்னு வீட்டில் சன்னலை எல்லாம் அடைச்சிட்டாங்க. அடுத்து பாட்டிக்கும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் யார் எடுத்துச் சொல்வார்கள்? எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். இனி நான்தான் சொல்ல வேண்டும்.

நண்பர்களே! நாளை நம்மில் ஒருவர் வார்டுக்குப் பிளான் போடலாம், இன்னொருவர் வயரிங் செய்யலாம். சன்னலுக்கும் விளக்குக்கும் இடம் விடுங்கள். ஊசி போடாமலே நாமும் உயிர் காக்கலாம்!