வில்பர் ரைட்டும் துணைநின்ற கைகளும்

தம் கையாலேயே வானூர்தி ஒன்றைச் செய்ய விரும்புவோர்க்கு நூலறிவு மட்டும் போதாது. அருகில் நின்று கருவியைப் பிடிக்கவும் பிழையைக் காட்டவும் தொழிலறிந்தவர் ஒருவர் வேண்டும். ஆனால், உலகில் எவருமே விசையால் பறக்கும் வானூர்தியைச் செய்து வெற்றி பெறாத காலத்தில் அத்தகையவரை எங்கே தேடுவது? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையால் விடை கண்டவர் வில்பர் ரைட்.

வில்பர் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். தந்தை மில்டன், கிறித்தவ சமயப் பேராயர். தாய் சூசன், வண்டி செய்யும் தொழிலாளியின் மகள். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்களைத் தம் கையாலேயே செய்து தருபவர். 1878இல் தந்தை வாங்கி வந்த பறக்கும் பொம்மை ஒன்று, வில்பரின் உள்ளத்தையும் தம்பி ஆர்வில்லின் உள்ளத்தையும் ஒருங்கே கவர்ந்தது.

பதினெட்டாம் வயதில் பனித்தரையில் ஹாக்கி ஆடியபோது வில்பரின் முகத்தில் பலத்த அடிபட்டது. அதனால் கல்லூரிக் கனவு கலைந்தது. நோயுற்ற தாயைப் பேணிக்கொண்டே வீட்டிலிருந்த நூல்களைக் கற்றார். 1892இல் சகோதரர் இருவரும் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை ஒன்றைத் தொடங்கினர்.

1896இல் செருமானியர் ஓட்டோ லிலியந்தால், இயந்திரமற்ற வானூர்தியாகிய கிளைடரில் பறந்தபோது விழுந்து உயிரிழந்தார். அச்செய்தி வில்பரின் பழைய ஆர்வத்தைத் தூண்டியது. 1899இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்குக் கடிதம் எழுதி, பறத்தல் பற்றிய நூல்களைக் கேட்டுப் பெற்றார். மறு ஆண்டு ஆக்டேவ் சனூட் என்னும் முதிய பொறியாளருக்கு எழுதினார். சனூட் இருப்புப்பாதைகளும் பாலங்களும் அமைத்துப் புகழ் பெற்றவர். பறக்க முயன்றோர் அனைவரின் முயற்சிகளையும் திரட்டி நூலாக எழுதியவர். அன்று முதல் இருவருக்குமிடையே நூற்றுக்கணக்கான கடிதங்கள் சென்று வந்தன.

1900இல் வில்பர் தம் கிளைடருடன் கிட்டி ஹாக் என்னும் கடலோரச் சிற்றூருக்குச் சென்றார். அங்கே பில் டேட் என்பவர் தம் இல்லத்தில் இடமளித்தார். இறக்கைத் துணியை வெட்டித் திருத்த வேண்டியிருந்தது. டேட்டின் மனைவியுடைய தையல் இயந்திரத்தில் வில்பரே அமர்ந்து தைத்தார். சோதனை முடிந்தபின் அத்துணி, டேட்டின் பெண்குழந்தைகளுக்குச் சட்டையாயிற்று.

1901இல் செய்த கிளைடர் பெரும் ஏமாற்றத்தைத் தந்தது. கணக்கிட்டபடி அது மேலெழவில்லை. தம் வாழ்நாளில் மனிதன் பறக்கப் போவதில்லை என்றே வில்பர் மனம் தளர்ந்தார். அந்நிலையில் சனூட் அவரைச் சிகாகோ நகரப் பொறியாளர் மன்றத்தில் உரையாற்ற அழைத்தார். தயங்கிய அண்ணனைத் தங்கை கேத்தரின் வற்புறுத்தி அனுப்பினார். கற்றறிந்த பொறியாளர்முன் தம் ஆய்வை எடுத்துரைத்த வில்பருக்கு ஊக்கம் மீண்டது. ஊர் திரும்பிய பின், சகோதரர்கள் மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, ஏறத்தாழ 200 சிறிய இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். முன்னோர் தந்த அட்டவணையை அப்படியே நம்பாமல் தாமே அளந்து புதிய கணக்கைக் கண்டனர். அக்கணக்கின்படி செய்த 1902ஆம் ஆண்டுக் கிளைடர் நன்கு பறந்தது.

இனி வேண்டியது எஞ்சின். எடை குறைந்த எஞ்சினைச் செய்துதருமாறு பல தொழிலகங்களுக்கு எழுதினர். தக்க விடை கிடைக்கவில்லை. அப்போது அவர்களுடைய கடையிலேயே சார்லி டெய்லர் என்னும் தொழிலாளி இருந்தார். அதற்குமுன் அவர் எஞ்சின் எதையும் செய்ததில்லை. எனினும் உலோக வேலையில் அவர் கை தேர்ந்தது. துண்டுத்தாளில் வரைந்த படங்களைப் பார்த்து, கடைசல் இயந்திரம், துளையிடும் கருவி ஆகியவற்றைக் கொண்டு ஆறு வாரங்களில் அவர் எஞ்சினைச் செய்து முடித்தார். எஃகுப் பாளத்தில் ஓரமெங்கும் துளையிட்டு, வேண்டாத பகுதியை உளியால் தட்டி நீக்கி, எஞ்சியதைக் கடைந்து கிராங்க் ஷாஃப்ட் ஆக்கினார். சோதனையின்போது எஞ்சினின் அலுமினிய உடல் உடைந்தது. மீண்டும் வார்த்து மீண்டும் பொருத்தினர். அவ்வெஞ்சின் ஏறத்தாழ 12 குதிரைத்திறன் தந்தது.

1903 டிசம்பர் 17 அன்று குளிர்காற்று வீசிய கிட்டி ஹாக் அருகே, உயிர்காப்பு நிலையத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஐவர் உடனிருக்க, ஆர்வில் 12 நொடிகள் பறந்தார். அன்றைய நான்காம் முயற்சியில் வில்பர் 59 நொடிகளில் ஏறத்தாழ 260 மீட்டர் தொலைவு பறந்தார்.

1908இல் வில்பர் பிரான்சு நாட்டுக்குச் சென்றார். பெட்டிகளில் வந்த வானூர்தி உறுப்புகள் பல உடைந்தும் கிழிந்தும் கிடந்தன. லே மான் நகரில் லியோன் பொல்லே என்பவர் தம் கார்த் தொழிற்சாலையில் இடம் கொடுத்தார். அங்கிருந்த தொழிலாளருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே பெரும்பாலான வேலைகளை வில்பரே செய்தார். ஒருநாள் எஞ்சினின் குழாய் கழன்று, கொதிநீர் அவர் கையையும் மார்பையும் சுட்டது. அருகிலிருந்த பொல்லே ஓடி வந்து உதவினார். ஆகஸ்டு 8ஆம் நாள் வில்பர் வானில் வட்டமிட்டதைக் கண்டு மக்கள் வியந்து ஆரவாரித்தனர்.

புகழ் வந்தபின் பழைய நட்பில் விரிசல் விழுந்தது. சனூட் தங்களைத் தம் மாணவர் போலப் பிறர் எண்ணுமாறு பேசியதாக வில்பர் வருந்தினார். காப்புரிமைக்காகச் சகோதரர்கள் தொடுத்த வழக்குகள் சனூட்டுக்குப் பிடிக்கவில்லை. 1910இல் கடுஞ்சொற்கள் கடிதங்களில் ஏறின. பின்னர் வில்பரே நட்பைக் காக்க விரும்பி எழுதினார். ஆயினும் அவ்வாண்டு நவம்பரில் சனூட் காலமானார். வில்பர் சிகாகோ சென்று இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். சனூட்டின் தொண்டைப் போற்றிக் கட்டுரையும் எழுதினார்.

1912 மே 30 அன்று, தம் 45ஆம் வயதில், டைபாய்டு காய்ச்சலால் வில்பர் மறைந்தார். நெடுங்காலம் வெளியுலகம் அறியாதிருந்த சார்லி டெய்லரின் பெயரில் இன்று சிறந்த வானூர்திப் பழுதுநீக்குநர்க்கு அமெரிக்க அரசு விருது வழங்குகிறது. தெரியாததைக் கேட்பது இழிவன்று; கேட்டதைத் தானே சோதித்தறிவதும், உதவியோரை மறவாதிருப்பதும் கற்போர்க்கு அழகு.

பயிற்சி

1. சனூட், டேட், டெய்லர், பொல்லே ஆகியோர் வில்பருக்கு எவ்வெவ்வாறு உதவினர்?
2. பழைய அட்டவணையை நம்பாமல் சகோதரர்கள் செய்தது யாது?
3. நீங்கள் ஒருவரிடம் கேட்டுக் கற்ற கைவேலை ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.