டாக்டர் ருக்மாபாய் அம்மையார் சரித்திரம்

உலகில் பெரியோர் எனப் போற்றப்படுவோர் பல திறத்தினர். படை நடத்திப் பெயர் பெற்றோர் உளர். நூல் இயற்றிப் பெயர் பெற்றோர் உளர். பொருளை வாரி வழங்கிப் புகழெய்தினோரும் உளர். தம் மனம் இசையாத ஒன்றை மறுத்து, அம்மறுப்பினின்றும் இறுதிவரை வழுவாது நின்றமையாற் பெயர் பெற்றோரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் ருக்மாபாய் அம்மையார். பெண்மக்கள் உரிமை பெற்ற சரித்திரத்தில் நம் பாரத நாட்டிற்குரிய முதல் ஏடுகளுள் ஒன்று இவ்வம்மையாரின் வாழ்க்கையாதலின், நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அறியும்பொருட்டு அதனை ஈண்டுச் சுருக்கமாக எழுதலுற்றோம்.

ருக்மாபாய் 1864-ம் வருஷம் நவம்பர் மாதம் 22-ந் தேதி பம்பாய் நகரில் ஜனித்தார். தந்தையார் ஜனார்த்தன பாண்டுரங்கர், தாயார் ஜயந்திபாய். தச்சுத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட சுதார் வகுப்பினர் அவர்கள். குழந்தைக்கு இரண்டு பிராயம் நிரம்புங் காலத்தே தந்தையார் காலஞ்சென்றார். அவ்வகுப்பில் விதவைகள் மறுமணம் செய்துகொள்ளுதல் வழக்கத்தில் இருந்தமையால், சில வருஷங்கள் கழித்து ஜயந்திபாய், ஸகாராம் அர்ஜுன் என்னும் வைத்தியரை மணந்தார். மணக்குமுன் முதற் கணவர் விட்டுச்சென்ற சொத்தை மகள் பெயருக்கு மாற்றி வைத்தார். ஸகாராம் அர்ஜுன் வைத்தியத்திலும் தாவர சாஸ்திரத்திலும் தேர்ந்தவர். பம்பாயில் 1883-ம் வருஷம் தோன்றிய இயற்கைச் சரித்திர சங்கத்தை ஸ்தாபித்தவர்களுள் ஒருவர். மாற்றாந் தந்தையாயினும் ருக்மாபாயைத் தம் மகளாகவே பேணி வளர்த்தார்.

அக்காலத்து வழக்கப்படி ருக்மாபாய்க்குப் பதினொன்றாம் பிராயத்தில் விவாகம் நடந்தேறியது. மணமகன் தாதாஜி பீகாஜி, வயது பத்தொன்பது. அவர் மாமனார் வீட்டிலேயே தங்கிக் கல்வி கற்று, நன்னிலை எய்துவாரென்பது பெரியோர்களின் ஏற்பாடு. ஆனால் அவருக்குக் கல்வியிற் கருத்துச் செல்லவில்லை. வீட்டை விட்டு நீங்கித் தம் மாமன் இல்லத்தையே இருப்பிடமாக்கிக் கொண்டார். ருக்மாபாய் பிராயமடைந்த பின்னர், இளம் பெண்ணைக் கணவனிடம் அனுப்புதல் தேகத்திற்குக் கேடு விளைக்குமென்று வைத்தியராகிய ஸகாராம் அர்ஜுன் அதற்கு இசையவில்லை. ஆகவே அவர் தாய்வீட்டிலேயே இருந்தார்.

விவாகத்தோடு பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. எனினும் அறிவுத் தாகம் நின்றதில்லை. பாதிரிமார்களின் புத்தகசாலையிலிருந்து நூல்களைத் தருவித்து, இல்லத்திலிருந்தபடியே ஆங்கிலம் பயின்றார். இங்ஙனம் பயின்ற கல்வியே அவர் சிந்தனையைத் தெளிவித்தது. அறியாப் பருவத்தில் பிறர் செய்துவைத்த சடங்கொன்று, தம் மனமொவ்வாத ஒருவருடன் வாழுமாறு தம்மைக் கட்டுப்படுத்துமோ என்னும் வினா அவருள்ளத்தில் எழுந்தது.

1884-ம் வருஷம் தாதாஜி, மனைவியைத் தம்மிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்று பம்பாய் ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். ருக்மாபாயின் பெயரிலிருந்த சொத்தும் இதற்கொரு காரணமென அவர் பக்கத்தார் கருதினர். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 1885-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸகாராம் அர்ஜுன் காலமானார். துணையாயிருந்த பெரியவரை இழந்தும் அம்மையார் மனந்தளரவில்லை.

அவ்வருஷம் ஸெப்டம்பர் மாதத்தில் நியாயாதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இத்தகைய வழக்கு ஹிந்து தர்ம சாஸ்திரத்திற் காணப்படாதது. இங்கிலாந்திலிருந்து இங்கு வந்தது. அந்நாட்டிலும் கூடி வாழ்ந்து பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பதற்கே ஏற்பட்டது. குழந்தைப் பருவத்தில் மணம் செய்விக்கப்பட்டு ஒருநாளும் கூடி வாழாத பெண்ணைப் பலவந்தமாக அனுப்புதற்கு இடமில்லை என்பன அவர் கண்ட நியாயங்கள். ருக்மாபாய் வென்றார். அதே வருஷத்தில், பால்ய விவாகத்தின் கேடுகளையும் விதவைகளின் துயரையும் பற்றித் தம் பெயரை மறைத்து டைம்ஸ் ஆப் இந்தியா பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதங்கள் நாடெங்கும் வாசிக்கப்பட்டன.

தீர்ப்பைக் கேட்டுப் பெருங் கிளர்ச்சி மூண்டது. அந்நிய அரசாங்கத்தின் நீதிமன்றம் ஹிந்துக்களின் குடும்பத்திற் கைவைத்ததென்று பலர் வெகுண்டனர். பால கங்காதர திலகர் போன்ற தேசாபிமானிகளின் பத்திரிகைகளும் அம்மையாருக்கு மாறாக எழுதின. பெஹ்ராம்ஜி மலபாரி முதலிய சீர்திருத்தக்காரர்கள் அவர் பக்கம் நின்றனர். 1886-ம் வருஷம் அப்பீலில் முன் தீர்ப்பு மாற்றப்பட்டு, வழக்கு மறு விசாரணைக்கு அனுப்பப்பட்டது. 1887-ம் வருஷம் மார்ச்சு மாதம் 4-ந் தேதி நியாயாதிபதி பாரன், ஒரு மாதத்திற்குள் கணவன் இல்லம் செல்லவேண்டும், தவறினால் ஆறு மாதச் சிறைவாசம் என்று உத்தரவிட்டார். இங்கிலாந்திலோ, இக்குற்றத்திற்குச் சிறைத்தண்டனை 1884-ம் வருஷமே ஒழிக்கப்பட்டிருந்தது! அங்கே கைவிட்ட தண்டனை இங்கே இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியின்மீது ஏவப்பட்டது.

அம்மையாரோ, தாம் மனமிசையாத வாழ்க்கையினும் சிறைவாசமே மேலெனத் தெரிவித்தார். அவ்வொரு மறுமொழி அரசாங்கத்தையும் திகைக்கச் செய்தது. அவருக்கு உதவி புரியக் கமிட்டி ஒன்று அமைந்தது. இங்கிலாந்திலும் அவர் பொருட்டுப் பேசுவோர் தோன்றினர். முடிவில் 1888-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு, தாதாஜி தம் கோரிக்கையைக் கைவிட்டார். அம்மையார் சிறை செல்ல நேரவில்லை.

வழக்கு முடிந்தபின் அம்மையார் ஓய்ந்திருந்தாரல்லர். பம்பாய்க் காமா ஆஸ்பத்திரியின் டாக்டர் ஈடித் பீச்சி அளித்த ஊக்கத்தாலும் நண்பர்களின் பொருளுதவியாலும் 1889-ம் வருஷம் இங்கிலாந்து சென்று, லண்டன் மாதர் வைத்தியக் கலாசாலையிற் கற்று, 1894-ம் வருஷம் வைத்தியப் பட்டம் பெற்றார். நாடு திரும்பிச் சூரத்து நகரிலும், பின்னர் ராஜ்கோட்டிலும் பெண்கள் ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம் தொண்டாற்றினார். ஆடவ வைத்தியரிடம் தம் நோயைக் கூற நாணி உயிர் துறந்த பெண்கள் எண்ணிறந்தோர் இருந்த காலத்தில், அவர் ஆற்றிய பணியின் அருமை இத்தகைத்தென்று கூற வேண்டுவதில்லை. 1904-ம் வருஷம் தாதாஜி மரித்த செய்தி கேட்டு, வழக்கப்படி வெள்ளாடை உடுத்தினார் என்பர். பகைமையால் அவரை மறுத்தவரல்லர் என்பதற்கு இதுவே சான்று. ஓய்வு பெற்றபின்னும் பெண்களை மறைத்து வைக்கும் பர்தா வழக்கத்தைக் கண்டித்து எழுதினார். 1955-ம் வருஷம் ஸெப்டம்பர் மாதம் 25-ந் தேதி, தமது தொண்ணூறாம் பிராயத்தில் பம்பாயில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மூட்டிய விவாதம் வீண்போகவில்லை. 1891-ம் வருஷச் சட்டம் பெண்ணின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. 1929-ம் வருஷத்திய சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கென விதித்தது. 1978-ம் வருஷம் அது பதினெட்டாயிற்று. கணவனிடம் செல்ல மறுத்த பெண்ணைச் சிறையிலிடும் விதி 1923-ம் வருஷம் நீக்கப்பட்டது. ஆயினும் சேர்ந்து வாழுமாறு வழக்கிடும் உரிமை 1955-ம் வருஷத்திய ஹிந்து விவாகச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1983-ம் வருஷம் ஆந்திர ஹைக்கோர்ட் அது செல்லாதென்றது. அடுத்த வருஷமே சுப்ரீம் கோர்ட் அது செல்லுமெனத் தீர்த்தது.

நிற்க. இச்சரித்திரத்தில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ருக்மாபாய்க்கு மணமுடித்த பெரியோர் கொடியவரல்லர். அவர்கள் குலம் பார்த்தனர், செலவு ஏற்றனர், மணமகனுக்குக் கல்வியும் தர முற்பட்டனர். மணமகளின் உள்ளம் ஒன்றையே கேளாது விட்டனர். அதன் விலை, நான்கு வருஷ வழக்கும் நாடறிந்த அவதூறும் ஆயிற்று.

இன்று நம் இல்லங்களிற் பதினொரு வயதில் மணம் செய்விப்பாரிலர். எனினும், ஜாதகம் பார்த்து, சொத்துப் பார்த்து, சீர் பேசி, மண்டபமும் அமர்த்திய பின்னரே பெண்ணிடம் செய்தி கூறும் இல்லங்கள் நம்மிடையே இல்லையென்று துணிந்து கூறவல்லோமா? வரன் தேடித் தருவதைத் தொண்டாகக் கொண்ட சங்கங்களுக்கு இவ்விஷயத்தில் பொறுப்பு மிகுதி. ஆதலின் அன்பர்களே! உங்கள் புதல்வியரிடம் முதலிற் கேளுங்கள். அவர்கள் மறுப்பின், அம்மறுப்பை மதியுங்கள். ருக்மாபாய் நீதிமன்றத்தின் படியேறிப் பெற்ற உரிமையை, நம் பெண்கள் தம் வீட்டுக் கூடத்திலேயே பெறுவாராக.