இரைச்சலைக் கேட்டவர்

ரேடியோவில் கரகரன்னு இரைச்சல் வந்தா நான் உடனே நிறுத்திடுவேன். கார்ல் ஜான்ஸ்கி அப்படி விடவில்லை.

அமெரிக்காவில் 1905-இல் பிறந்தவர். கடல் தாண்டிப் பேசும் ரேடியோ டெலிபோனில் இரைச்சல் எதனால் வருதுன்னு கண்டுபிடிப்பது பெல் ஆய்வகத்தில் அவர் வேலை. கார் சக்கரங்களில் சுற்றும் ஆன்டெனா அமைத்தார். இடி மின்னல் இரைச்சல் போக, ஒன்று மட்டும் தினமும் 4 நிமிடம் முன்னாடியே வந்தது. நட்சத்திரங்களும் அப்படித்தான் உதிக்கும்! அது பால்வெளியிலிருந்து வருகிறது என்று 1933-இல் அறிவித்தார்.

மேலும் ஆராயப் பெரிய ஆன்டெனா கேட்டார், கிடைக்கல. வேறு வேலை கொடுத்தாங்க. 1950-இல் 44 வயதிலேயே இறந்துவிட்டார்.

2012-இல் அமெரிக்காவின் 27 ஆன்டெனா ரேடியோ தொலைநோக்கிக்கு அவர் பெயர் வைத்தார்கள். பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவைக் கருந்துளை இழுக்கும் எக்ஸ்ரே இரட்டை நட்சத்திரங்களையும் அதில் ஆராய்கிறார்கள்.

இனி இரைச்சல் வந்தா நானும் கொஞ்சம் கேட்டுப் பார்ப்பேன்.