சாமி படத்துக்குள் வெல்வெட் திரை வந்தது எப்படி? கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் கதை

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் ஏதாவது பழைய வீட்டுக்குப் போனால், பூஜை அறையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் சாமி படத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். சாமியை விட்டுவிட்டு, பின்னாடி என்ன இருக்கிறது என்று பாருங்கள். வளைவு வைத்த தூண்கள், குஞ்சம் தொங்கும் வெல்வெட் திரை, கட்டம் போட்ட பளிங்குத் தரை என்று பல படங்களில் இருக்கும். நம்ம ஊர்க் கோயில் மண்டபம் இப்படி இருக்காதே? விக்டோரியா ராணி காலத்துப் பங்களா ஹால்தான் இப்படி இருக்கும்.

அந்த ஹால் தமிழ் வீட்டுச் சுவருக்கு எப்படி வந்தது என்று தேடிக்கொண்டே போனால், கோவில்பட்டியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் போய் நிற்போம். அங்கே இருந்தவர் ஓவியர் சி. கொண்டைய ராஜு.

சுவர்தான் அந்தஸ்து

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பத்தின் வரவேற்பறையில் வெறும் சுவர் என்பதே கூடாது. கனமான திரைச்சீலை, பூப்போட்ட வால்பேப்பர், மேஜை மேல் விரிப்பு, அதற்கு மேல் பொம்மைகள், சுவர் முழுக்க படங்கள். அசல் எண்ணெய் ஓவியம் வாங்க எல்லோரிடமும் காசு இருக்காது. அந்தக் குறையைத் தீர்த்தது கல் அச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல், ஒன்றின் மேல் ஒன்றாக அச்சு. பார்த்தால் எண்ணெய் ஓவியம் மாதிரியே இருக்கும். இதற்கு ஓலியோகிராஃப் என்று பெயர்.

ரவி வர்மா 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கி, ஜெர்மன் எந்திரங்களில் லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சடித்தது இந்த முறையில்தான். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, சரவிளக்கு ஆகியவற்றோடு ரவி வர்மா படங்களும் ஏறின.

சாதாரண வீட்டில் என்ன இருந்தது? பாய், டிரங்குப் பெட்டி, கொஞ்சம் வசதி இருந்தால் ஒரு மர நாற்காலி. அங்கே அலங்காரம் என்றால் சுவரில் தொங்கும் படம் மட்டும்தான். வீட்டில் இல்லாத தூணும் திரையும் பளிங்கும் அந்த ஒரு படத்துக்குள்ளேயே வந்தாக வேண்டும். கொண்டைய ராஜு அதைத்தான் செய்தார்.

ஓவியப் பள்ளி, ஆசிரமம், நாடகக் கொட்டகை

பெயரைப் பார்த்து ராஜபாளையத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். 1898-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். படித்தது சென்னை அரசு ஓவியப் பள்ளியில், அதாவது அலெக்சாண்டர் ஹன்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் 1850-ல் தொடங்கிய பள்ளி. பொருளின் கன அளவை ஒளி, நிழலால் காட்டுவது, தூரத்தில் இருப்பதைச் சிறிதாக வரைவது போன்ற ஐரோப்பிய முறைகள் சொல்லித்தரப்பட்ட இடம் அது.

படித்து முடித்தவர் நேராக ஓவியராகவில்லை. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு போனது அதற்கு நேரெதிரான இடம்: நாடகக் கம்பெனி. வேலை, சீன் படுதா வரைவது.

இந்த படுதா விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் மும்பையிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகள், லண்டன் தியேட்டர்களைப் பார்த்து உருவான மேடையை இங்கே கொண்டுவந்தன. முன்னால் சுருட்டி ஏற்றும் திரை, பின்னால் பெரிய துணியில் வரைந்த அரண்மனை, தெரு, தோட்டம், காடு. தமிழ்க் கம்பெனிகளும் அப்படியே எடுத்துக்கொண்டன. ராஜா தர்பார் என்றால் தூணும் திரையும் சரவிளக்கும் வரைந்த படுதா இறங்கும். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதால் நிறமெல்லாம் பளிச்சென்று இருக்கும். கலெக்டர் பங்களாவுக்குள் ஒருநாளும் நுழைய முடியாத மக்கள் பலர், அப்படி ஒரு ஹாலை முதல்முறை பார்த்தது இந்தத் துணியில்தான்.

1931-ல் தமிழில் பேசும் படம் வந்தது. நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. கொண்டைய ராஜு இருந்த கம்பெனி 1942-ல் கோவில்பட்டியில் கலைந்தது. சொந்த ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். வயது 44. கூட இருந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்று போட்டோ ஸ்டுடியோ நடத்தினார். அந்தக் கால ஸ்டுடியோக்களிலும் பின்னால் தொங்கியது அதே மாதிரி படுதாதான். மாடிப்படி, தூண், பூந்தொட்டி வரைந்த துணிக்கு முன்னால் நாற்காலி போட்டுக் குடும்பம் உட்காரும். போட்டோவில் பார்த்தால் பங்களாவாசி.

சிவகாசி கூப்பிட்டது

கோவில்பட்டிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் சிவகாசி. 1920-களில் தீப்பெட்டித் தொழில் வந்து, தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டு, லேபிளுக்காக அச்சகங்கள் வளர்ந்த ஊர். அச்சகம் இருந்தால் காலண்டர் வரும், காலண்டருக்கு சாமி படம் வேண்டும். அந்தப் படங்களுக்காக அவர்கள் தேடிப் போன பெயர்களில் பெரியது கொண்டைய ராஜு.

அவருடைய படங்களில் ரொம்பப் பிரபலம் மீனாட்சி கல்யாணம். நடுவில் தலை குனிந்த மீனாட்சி, ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொள்ளும் சிவன், மறுபக்கம் தாரை வார்க்கும் பெருமாள். மதுரைக் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் கல்லில் இருக்கும் அதே அமைப்பு. கல்லுக்கு அவர் சதையும் நிறமும் பட்டும் கொடுத்தார்.

இதை வெறும் அழகு விஷயமாகப் பார்த்தால் பாதிதான் புரியும். கொண்டைய ராஜு பிறந்த மறுவருஷம், 1899-ல், சிவகாசியில் பெரிய கலவரம் நடந்தது. நாடார்கள் கோயிலுக்குள் வரலாமா என்பதுதான் சண்டை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகளும் நாடார் சமூகத்தவர் ஒருவரும் வைத்தியநாத அய்யரோடு நுழைந்ததே 1939 ஜூலை 8-ல்தான். கொண்டைய ராஜு கோவில்பட்டியில் தங்கியது அதற்கு மூன்றே வருஷம் கழித்து. சிவகாசியின் அச்சகத் தொழிலை வளர்த்தவர்களில் பெரும்பகுதி நாடார்கள். முந்தைய தலைமுறைக்கு மூடியிருந்த கோயிலின் கல்யாணக் காட்சியை இவர்கள் ஆயிரக்கணக்கில் அச்சடித்து, மளிகைக் கடை, ஜவுளிக் கடை வழியாக வீடு வீடாக அனுப்பினார்கள்.

கோயிலுக்குள் போக முடிந்தவருக்கும்கூட சன்னதி இருட்டில் ஒரு கற்பூர வெளிச்சம், ஒரு நொடி தரிசனம், அவ்வளவுதான். காலண்டரில் சாமி முழுசாக, நேராக, உங்களையே பார்த்து நிற்கிறது. யாரும் வரிசையில் நிற்க வேண்டாம். யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது.

ஒரு கையெழுத்து, பல கைகள்

அவர் தனியாக வேலை செய்தவர் இல்லை. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்கள் கூடவே இருந்தார்கள். பல படங்களில் ராஜு, சுப்பையா என்று இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். சீடர்கள் பின்னாளில் தனித்தனியாகவும் காலண்டர் ஓவியர்களாகப் பெயர் வாங்கினார்கள்.

படித்தவர்கள் மத்தியில் இந்தப் படங்களுக்கு மரியாதை ரொம்பக் குறைவு. காலண்டர் ஆர்ட் என்ற சொல்லே கிண்டலாகத்தான் புழங்கியது. நவீன ஓவியம் வீறுகொண்டிருந்த அதே காலத்தில், அதே ஓவியப் பள்ளியில் படித்த ஒருவர் பட்டும் நகையும் வரைந்துகொண்டிருந்தால் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் அந்தக் கிண்டலில் ஒரு வர்க்கத் திமிரும் இருந்தது. பங்களாச் சுவரில் ஓலியோகிராஃப் தொங்கினால் ரசனை, ஓட்டு வீட்டில் காலண்டர் தொங்கினால் மலிவு.

கொண்டைய ராஜு 1976-ல் இறந்தார். சிவகாசியில் இப்போதும் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளிவருகின்றன. பழைய படங்களில் அவர் பெயரைத் தேடுபவர்கள் கீழ் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல். வருஷம் முடிந்ததும் தேதித்தாளையும் கடைப் பெயரையும் வெட்டிவிட்டு, சாமியை மட்டும் ஃபிரேமுக்குள் போடுவது வழக்கம். கத்தரி கொஞ்சம் மேலே ஏறியிருந்தால், கடைப் பெயரோடு கையெழுத்தும் போயிருக்கும்.