சார்லி சாப்ளின் சரிதம்

வறுமையிற் பிறந்து வறுமையில் வளர்ந்தோர் உலகில் எண்ணிறந்தோர். அவருள், தாம் பட்ட துன்பத்தையே முதலாகக் கொண்டு உலகினரை நகைக்கவும் அழவும் செய்து, அவ்வாற்றால் நிலைத்த புகழ் எய்தினோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் சார்லி சாப்ளின் என்னும் ஆங்கில நடிகர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி உரைப்பதோடு, அவர் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி கிட்', அதாவது 'சிறுவன்', என்னும் ஊமைப் படத்தின் முடிவு தகுமோ தகாதோ என்பதையும் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

சாப்ளின் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16ஆம் நாள் பிறந்தார். தந்தையார், தாயார் ஹன்னா ஆகிய இருவரும் இலண்டன் இசையரங்குகளிற் பாடிப் பிழைத்தவர். சார்லி குழந்தையாய் இருந்த காலத்திலேயே அவ்விருவரும் பிரிந்தனர். தந்தையார் மதுவிற்கு அடிமையாகி, நாற்பது வயது நிரம்பும் முன்னரே, 1901ஆம் ஆண்டில் மாண்டார். தாயாரோ குரல் கெட்டமையால் அரங்கத் தொழிலை இழந்து, தையல் வேலை செய்து, சார்லியையும் அவருக்கு நான்கு வயது மூத்த சிட்னியையும் காத்து வந்தார். ஊசி முனையிற் கிடைத்த கூலி மூவர் வயிற்றுக்குப் போதவில்லை.

அக்காலத்து இங்கிலாந்தில் கதியற்ற ஏழைகளுக்கென ஊர் வரிப்பணத்தால் நடத்தப்பெற்ற விடுதிகள் இருந்தன. அவற்றுட் புகுவோர் தம் உடையைக் களைந்து விடுதியார் தரும் உடையை அணிதல் வேண்டும். தாய் ஒரு பக்கமும் மக்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துறைதல் வேண்டும். 1896ஆம் ஆண்டில், சார்லிக்கு ஏழு வயது நடந்தபொழுது, லாம்பெத் பகுதியிலிருந்த அத்தகைய விடுதியொன்றில் அம்மூவரும் அடைக்கலம் புகுந்தனர். பின்னர் மைந்தர் இருவரும் ஹான்வெல் என்னும் இடத்திலிருந்த ஏழைச் சிறுவர் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர்.

இரண்டு ஆண்டு சென்றபின் நிகழ்ந்த ஒரு செய்தியை நாம் மறத்தல் இயலாது. மீண்டும் விடுதியிற் சேர்ந்திருந்த தாயார், ஒருநாள் தாமும் மக்களும் விடுதலை பெற வேண்டுமென விண்ணப்பித்து வெளியே வந்தார். மூவரும் கெனிங்டன் பூங்காவிற்குச் சென்றனர். சிட்னியின் கையிலிருந்த சில காசுகளுக்குச் செர்ரிப் பழம் வாங்கி உண்டனர். செய்தித்தாளைச் சுருட்டிப் பந்தாக்கி விளையாடினர். பொழுது சாய்ந்ததும் மூவரும் விடுதிக்கே திரும்பினர். விடுதியின் கணக்கர்க்கு அது வீண் வேலை. அச்சிறுவனுக்கோ அது வாழ்நாள் முழுதும் மங்காத ஒரு திருநாள். பிற்காலத்தில் தம் வரலாற்றைத் தாமே எழுதியபொழுதும் சாப்ளின் அந்நாளை மறவாது குறித்துள்ளார்.

அவ்வாண்டிலேயே தாயாருக்குச் சித்தம் கலங்கிற்று. அவரைப் பைத்திய வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். தெளிவதும் கலங்குவதுமாக அவர் காலம் கழிந்தது. சார்லியோ பத்து வயது ஆகுமுன்னரே ஆடற் சிறுவர் குழுவொன்றிற் சேர்ந்து, பின் நாடகங்களிற் சிறு வேடம் தாங்கி, 1908ஆம் ஆண்டில் பிரெட் கார்னோ என்பவரின் நகைச்சுவைக் குழுவில் இடம் பெற்றார். அக்குழுவினருடன் அமெரிக்கா சென்றவரைப் படமுதலாளிகள் கண்டுகொண்டனர். 1914ஆம் ஆண்டில் கீஸ்டன் கம்பெனியில் வாரம் 150 டாலர் சம்பளத்தில் அமர்ந்தார். தொளதொளத்த கால்சட்டை, இறுகிய மேற்சட்டை, அளவிற் பெரிய சோடு, சிறு தொப்பி, கையில் ஒரு பிரம்பு இவற்றோடு கூடிய நாடோடி வேடத்தை அவர் புனைந்தது அவ்வாண்டிலேதான். இரண்டே ஆண்டில் அவர் சம்பளம் வாரம் 10,000 டாலராயிற்று. ஏழையர் விடுதியில் வளர்ந்தவர் உலகெங்கும் அறிந்த செல்வராயினார்.

எனினும் செல்வம் துயரைத் தடுக்கவில்லை. 1919ஆம் ஆண்டில் அவர்க்குப் பிறந்த முதல் மகவு மூன்று நாளே உயிர் வாழ்ந்தது. அதனையொட்டிய காலத்திலேயே ஜாக்கி கூகன் என்னும் ஐந்து வயதும் நிரம்பாத பாலகனைத் துணை நடிகனாகக் கொண்டு, 'சிறுவன்' படத்தைத் தொடங்கினார். படம் முடியுந் தறுவாயில் மனைவியாருடன் விவாகரத்து வழக்கு மூண்டது. படச்சுருள்கள் பறிமுதலாகும் என அஞ்சி, அவற்றைச் சால்ட் லேக் நகருக்குக் கொண்டு சென்று, ஓர் ஹோட்டல் அறையிலேயே கோத்து ஒழுங்குசெய்தார். ஆறு சுருள் கொண்ட அப்படம் 1921ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அரங்கேறிற்று.

கதை எளியது. கைவிடப்பட்ட தாயொருத்தி தன் பச்சிளங் குழவியைச் செல்வர் ஒருவரின் மோட்டாரில் வைத்துச் செல்கின்றாள். மோட்டாரைத் திருடியோர் குழவியைக் குப்பைச் சந்தொன்றில் விடுகின்றனர். நாடோடி அதனை எடுத்து, கூரையடியிலுள்ள சிற்றறையில் வளர்க்கின்றான். ஐந்தாண்டு சென்றபின், சிறுவன் கல்லெறிந்து கண்ணாடிகளை உடைக்க, நாடோடி பின்னே சென்று அவற்றைச் செப்பனிட்டுக் கூலி பெறுகின்றான். சிறுவன் நோயுற்றபொழுது, அவன் பெற்ற மகன் அல்லன் என்பது வெளியாகின்றது. அநாதை விடுதியார் வந்து அழுது கதறும் பிள்ளையை வண்டியில் ஏற்றுகின்றனர். நாடோடி கூரைமேற் கூரையாய் ஓடி, அவ்வண்டியிற் குதித்துப் பிள்ளையை மீட்கின்றான். தாயினின்றும் பிரிக்கப்பட்ட சிறுவனாகத் தாமே நின்ற ஒருவரன்றி வேறெவர் இக்காட்சியை இவ்வாறு அமைத்தல் கூடும்?

இதுகாறும் கொடிய உண்மையாக நடந்த கதை, முடிவிற் கனவாக மாறுகின்றது. முன்பு ஏழையாயிருந்த தாய் இப்பொழுது பெரும் புகழ்பெற்ற நடிகை. பரிசுக்கு ஆசைப்பட்ட ஒருவனாற் சிறுவன் அவளிடம் சேர்கின்றான். தேடிக் களைத்து வாயிற்படியில் உறங்கிய நாடோடியைக் காவலன் எழுப்பி, ஒரு மாளிகைக்குக் கொண்டு செல்கின்றான். கதவு திறக்கின்றது, சிறுவன் ஓடிவந்து தழுவுகின்றான், நாடோடி உள்ளே அழைக்கப்பெறுகின்றான், கதவு மூடுகின்றது, படமும் முடிகின்றது.

இம்முடிவு பொய்யன்றோ எனச் சிலர் வினவுவர். குப்பைச் சந்தில் வாழ்வோர்க்கு மாளிகைக் கதவு திறவாது. திறந்ததாகக் காட்டுவது, காண்போர் மனச்சான்றை உறங்கச் செய்வதாகும் என்பர். இத்தடையை நாம் எளிதில் ஒதுக்குதற்கில்லை. படம் பார்த்துக் கண்ணீர் துடைத்து வெளியே வருவோர், வாயிலில் நிற்கும் உண்மைச் சிறுவனைக் காணாது செல்லலாம் அன்றோ?

சாப்ளினின் வாழ்வை நோக்குங்கால் ஒன்று விளங்குகின்றது. கதையிற் செல்வமெய்திய தாய் மகனை மீட்டாள். வாழ்விலோ செல்வமெய்திய மகனே தாயை மீட்டார். படம் வெளிவந்த 1921ஆம் ஆண்டிலேயே ஹன்னா அம்மையாரைக் கலிபோர்னியாவிற்கு வரவழைத்து, 1928ஆம் ஆண்டில் அவர் இறக்கும் வரையில் தனி இல்லத்தில் வைத்துப் பேணினார். ஆனால் கலங்கிய சித்தம் முற்றும் தெளியவில்லை. செல்வத்தாற் கூடியதைச் செய்தார். கூடாததைக் கதையிற் செய்துகொண்டார் என்றே நாம் கருதுகின்றோம்.

படத்திற் சிறுவனாய் நடித்த ஜாக்கி கூகனின் கதையோ வேறு. குழந்தைப் பருவத்தில் அவன் ஈட்டிய பல இலட்சம் டாலர்களைப் பெற்ற தாயும் மாற்றாந்தந்தையும் தமதாக்கிக்கொண்டனர். வயது வந்தபின் 1938ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தும் சிறு பகுதியே கைக்கு வந்தது. அதன் பயனாகக் குழந்தை நடிகரின் ஊதியத்தில் ஒரு பகுதியை அவர்க்கெனச் சேமித்தல் வேண்டுமென 1939ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிற் சட்டம் பிறந்தது. கதையில் ஒரு கதவு தானே திறந்தது. உலகில் அதனைச் சட்டம் கொண்டு திறக்க வேண்டியதாயிற்று.

சாப்ளினும் இதனை உணர்ந்தார் போலும். 1931ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிட்டி லைட்ஸ்' படத்தில், கண் பெற்ற மலர்க்காரப் பெண் தனக்கு உதவியவன் ஒரு பரதேசியே என அறிவதோடு கதை நிற்கின்றது, மாளிகை இல்லை. அவ்வாண்டில் இலண்டனிற் காந்தியடிகளைக் கண்டு இயந்திரங்களைக் குறித்து அளவளாவிய அவர், 1936ஆம் ஆண்டில் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில், இருவர் கைகோத்து வெறுஞ்சாலையில் நடப்பதையே முடிவாக வைத்தார்.

1952ஆம் ஆண்டில் அமெரிக்க அரசினர் அவர் நாடு திரும்புதற்குத் தடை விதிக்க, சுவிட்சர்லாந்திற் குடியேறினார். 1971ஆம் ஆண்டில், எண்பத்திரண்டு வயதில், 'சிறுவன்' படத்திற்குத் தாமே இசை அமைத்து மீண்டும் வெளியிட்டார். அப்பொழுது சில காட்சிகளைக் குறைத்தாராயினும், மாளிகைக் கதவை மட்டும் நீக்கினாரில்லை. 1977ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25ஆம் நாள் அவர் உயிர் நீங்கிற்று.

ஏன் நீக்கவில்லை? பூங்காவிற் பழம் உண்ட அந்த ஒரு பகலை நினைமின், நண்பர்காள். மாலையில் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்பது மூவர்க்கும் தெரியும். ஆயினும் அம்மகிழ்ச்சி பொய்யன்று. ஏழைக்கு இனிய முடிவைக் காட்டுதல் குற்றமன்று என்பதும், அதனைக் கண்டு நாம் மட்டும் மனம் ஆறி அமர்ந்துவிடுதலே குற்றம் என்பதும் எம் துணிபு. திரையில் மூடிய கதவு அங்ஙனமே நிற்க. நம் தெருவில் நிற்கும் சிறுவனுக்கு நம் கதவைத் திறத்தல் நம் கடன்.