பாதி வெள்ளி, பாதி வெண்கலம்

நம்ம செட்டில் போல்வால்ட் ஆடியவர்களுக்கு மூங்கில் கழிதான் துணை. அதனாலேயே ஜப்பானின் ஷுஹெய் நிஷிடா மேல் எனக்குத் தனிப் பிரியம். வசேடா பல்கலைக்கழகத்துக்காரர். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 4.30 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார்.

1936 பெர்லினில் அவரும் சுயோ ஓயேயும் 4.25 மீட்டரில் சமம். ஓயேயோ கெயோ மாணவர். வசேடாவுக்கும் கெயோவுக்கும் எப்பவுமே போட்டிதான்! ஆனாலும் ரெண்டு பேரும் இனி மோத வேண்டாம்னு நின்னுட்டாங்க. வெள்ளி நிஷிடாவுக்கு, வெண்கலம் ஓயேக்கு என்று முடிவானது. ஊர் திரும்பியதும் பதக்கங்களைப் பாதியாக வெட்டி, மாற்றி ஒட்டி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள்.

1941இல் ஓயே போரில் மாண்டார். நிஷிடா 1951 டில்லி ஆசிய விளையாட்டில், நாற்பது வயதிலும் தாண்டி வெண்கலம் வென்றார் (இது முழு வெண்கலம்!). 1997இல் காலமானார். அவருடைய ஒட்டுப் பதக்கம், படித்த வசேடாவுக்கே போய்ச் சேர்ந்தது.